இரண்டு நோட்டீஸ்கள்: ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவும் ஊர்ச் சீரும்

2025 மார்ச்சில் அந்தப் பள்ளியின் ஆண்டு விழா நோட்டீஸ் என் கைக்கு வந்தபோது அதில் ஒரே ஒரு பெரியவரின் பெயர்தான் இருந்தது. மற்றதெல்லாம் பிள்ளைகளின் பெயர், 46 பேர், சேர்க்கைப் பதிவேட்டு வரிசையில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளி அடித்த நோட்டீசும் என்னிடம் இருக்கிறது. அதில் 31 பெரியவர்கள். பிள்ளை ஒருவர்கூட இல்லை.

இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கத்தான் இது. அந்த வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். மூன்று ஆண்டு விழாக்களுக்கும் போயிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டைப் புரட்டியிருக்கிறேன். ஊர் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். நடந்ததில் சிலருக்கு இன்னும் மனக்கசப்பு இருக்கிறது.

ஊரும் பள்ளியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். தென்னை, பலா, எல்லாவற்றுக்கும் மேல் பூ. விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறித்து, கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பே பற்றவைப்பார்கள். பறிக்கிற கைகளில் சின்னக் கைகளும் உண்டு.

பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 2023-ல் 47 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வகுப்பு ஐந்து. தலைமையாசிரியர் பிள்ளைகளின் விவரமும் வருகையும் பதிகிற எமிஸ் என்ற அரசுச் செயலியோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் ஐந்து வகுப்பும் இன்னொரு டீச்சர் தலையில்தான்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இங்கே படிக்கவில்லை. பாதிக்கு மேல் காலை ஏழரைக்கெல்லாம் மஞ்சள் வேனில் ஏறிவிடுகிறார்கள். வேன் வடக்குத் தெரு, மேலத் தெரு இரண்டுக்கும் வரும். கிழக்குத் தெருவுக்குள் வராது, முக்கில் திரும்பிவிடும். கிழக்குத் தெருவை ஊர் வழக்கில் காலனி என்பார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நானும் கிழக்குத் தெரு என்றே எழுதுகிறேன். பள்ளியின் 47 பேரில் 30-க்கு மேல் அந்தத் தெருப் பிள்ளைகள். மிச்சம் பூத் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள்.

சீர் என்று எதைச் சொல்கிறோம்

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் சீர் என்றால் தாய்மாமன் சீர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் வீட்டார் தாம்பாளங்களில் பழமும் துணியும் பாத்திரமும் அடுக்கி, முன்னால் மேளம் அடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். அந்த வரிசையை அப்படியே பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பிவிட்டதுதான் கல்விச் சீர். கடந்த சில ஆண்டுகளாகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்களில் நடக்கிறது, வேறு மாவட்டங்களிலும் நடக்கிறது. பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம், சுவர்க் கடிகாரம், நோட்டுக் கட்டு, சில ஊர்களில் டிவி வரைக்கும். பெண்கள் தட்டேந்தி வர, ஆசிரியர்கள் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

இது புதுசு என்றும் சொல்ல முடியாது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1950-களின் பிற்பகுதியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். இன்றைய கல்விச் சீருக்கு மூத்தது அது.

ஆனால் புதுக்கோட்டைக்காரனுக்குச் சீர் என்றதும் கூடவே மொய்யும் ஞாபகம் வரும். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துதான். இலை போட்டுக் கறிச்சோறு. பந்தியை விட்டு எழுந்தால் மேசை போட்டு மொய் எழுதுவார்கள். நீ எனக்குச் செய்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்து நான் உனக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அதுதான் முறை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு திருப்பிச் செய்ய முடியாமல் தவித்த குடும்பங்களை எனக்கே தெரியும். கொடுத்த கை காத்திருக்கும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவந்தால் பள்ளிக்கூடம் எதைத் திருப்பிச் செய்யும்? அந்த ஊரில் மூன்று ஆண்டுகளாக நடந்த இழுபறி முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் என்பது என் கணிப்பு.

2023: பீரோ வந்த ஆண்டு

கொரோனாவுக்குப் பிறகு நடந்த முதல் ஆண்டு விழா. தலைமையாசிரியர் அந்தப் பள்ளிக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஊரைக் கூட்டிக் கேட்டார், ஊரும் தாராளமாகச் செய்தது. கோயில் வாசலில் கிளம்பிய சீர் வரிசை மேலத் தெரு, வடக்குத் தெரு சுற்றிப் பள்ளிக்கு வந்தது. ஒரு இரும்பு பீரோ, பத்து நாற்காலி, இரண்டு மின்விசிறி, ஒரு சுவர்க் கடிகாரம், தட்டுகளில் நோட்டும் பென்சிலும். பீரோவை டிராக்டரில் ஏற்றி மாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். அதன் கதவில் சிவப்புப் பெயிண்டில் "உபயம்" என்று ஆரம்பித்து ஏழு பெயர்கள். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர், ஓடினால் ஒன்றும் தெரியாது, நின்றால் படிக்கலாம்.

மேடையில் பெரியவர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. ரேடியோ செட்காரர் நடுநடுவே பாட்டுப் போட்டார். பிள்ளைகள் மதியம் மூன்று மணியிலிருந்து சரிகை உடுப்பிலும் ரோஸ் பவுடரிலும் காத்திருந்தார்கள். ஏழரைக்குத்தான் ஆட விட்டார்கள். இரண்டு பேர் அதற்குள் தூங்கிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று ரேங்க் வாங்கியவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் வெட்டியிருந்தது கொடுத்தவர் பெயர்.

விழா நன்றாகத்தான் நடந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் பாராட்டினார். நானும் என் அறிக்கையில் "சமூகப் பங்கேற்பு சிறப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். இன்று அந்த வரியைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்று என் கண்ணில் படாததைத் தலைமையாசிரியர் கவனித்திருந்தார். தட்டேந்தி வந்த பெண்களில் ஏறக்குறைய எல்லாருடைய பிள்ளைகளும் மஞ்சள் வேனில் போகிறவர்கள். அந்தப் பள்ளியிலேயே படிக்கிற பிள்ளைகளின் தாய்மார்கள் சத்துணவுக் கூடத்துச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசை கிழக்குத் தெருவுக்குப் போகவில்லை, வாங்க என்று அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் அந்தத் தெருப் பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2022-ல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முறைப்படி தேர்வானவர் அவர். நோட்டீசில் அவர் பெயர் 28-ஆவது. மேடையில் நாற்காலி இல்லை.

விழா முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் ஒரு அப்பத்தா தலைமையாசிரியரிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எல்லாரு பேரையும் மைக்குல வாசிச்சீக டீச்சர். எம் பேத்தி பேரை வாசிக்கலயே?"

"பாப்பா ரெண்டாவதுதானே படிக்குது அப்பத்தா. ரேங்க் எடுத்தவங்களுக்கு மட்டும்தான் இன்னைக்கி."

"ரேங்கு என்னத்துக்கு? அவ இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்ல. நான் அறிவொளியில எம் பேரை எழுதுனதுக்கே அன்னைக்கி ஊரு கைதட்டுச்சு."

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித்தான் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். முப்பது வருடத்துக்கு முன் ஊர் தட்டிய கை அந்தக் கிழவிக்கு இன்னும் காதில் கேட்கிறது. அடுத்த ஆண்டு நடந்த மாற்றத்துக்கு விதை போட்டது அவர்தான். பயிற்சியில் நாங்கள் படம் போட்டுக் காட்டியதில் எதுவும் அதற்குக் காரணம் இல்லை.

2024: சீர் வரிசையைத் திருப்பியது

மாதாந்திரக் குழுக் கூட்டங்களில் இதைப் பேச நான்கு மாதம் பிடித்தது. தீர்மான நோட்டில் வெறும் மூன்று வரிதான் இருக்கிறது. நடந்த சண்டை நோட்டில் இல்லை.

முதலில் எடுத்தது, எதைக் கொண்டாடுவது என்ற பேச்சு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் படிக்கிறார்கள். ரேங்க் மூன்று பேருக்குத்தான் கிடைக்கும், ஆனால் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, போன வருடம் படிக்க முடியாமல் இருந்து இந்த வருடம் படிக்கிற ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டட்டும் என்றார் தலைமையாசிரியர். மலரில் இருக்கிறாள், அரும்பில் இருக்கிறான் என்று மைக்கில் சொல்வதில்லை, அது பட்டம் கட்டுவது மாதிரி ஆகிவிடும். படிக்க வேண்டியது ஒரு பக்கமோ, நாலு வரியோ, நாலு சொல்லோ, அது பிள்ளைக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. 47 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாழ்த்துரைகளுக்கு முந்தின வருடம் அதைவிட அதிக நேரம் போயிருந்தது.

இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சீரில்தான் சிக்கல்.

குழுத் தலைவர் சொன்ன யோசனை எளிமையானது. சீர் கோயிலிலிருந்து பள்ளிக்கு வருவதற்குப் பதிலாக, பிள்ளைகள் பள்ளியிலிருந்து கிளம்பித் தெருத்தெருவாகப் போய்ப் பெரியவர்களை அழைத்து வரட்டும். முதல் தெரு கிழக்குத் தெரு. கொடுக்கிறவர் பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்லக் கூடாது, பொருளில் பெயிண்ட் அடிக்கக் கூடாது. இதைக் கேட்டதும் மேலத் தெருவில் முகம் மாறியது. ஸ்மார்ட் டிவி வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர், "எந்தத் தெருவுல மேளம் மொத அடிக்கணும்னு ஊர்ல ஒரு வழமை இருக்கு" என்றார். தலைமையாசிரியர், "இது பள்ளிக்கூட மேளம்ங்க ஐயா" என்று சொல்லிப் பார்த்தார். டிவி வரவில்லை.

அதை நான் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பு நடத்துகிற இடத்தில் ஒரு திரை இருந்திருந்தால் ஒரு பக்கத்துப் பிள்ளைகளை அதன் முன் உட்கார வைத்திருக்கலாம். கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு விலை கொடுத்தது பிள்ளைகள். தலைமையாசிரியர் அன்று வளைந்து கொடுத்திருக்க வேண்டுமா என்று எங்களுக்குள் இன்றும் வாக்குவாதம் நடக்கும். நான் அவர் பக்கம். அவருடைய சக டீச்சர் என் பக்கம் இல்லை.

நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்பதால் விழாவைப் பிப்ரவரிக் கடைசிக்கு முன்னுக்கு இழுத்தார்கள். (மார்ச் 16-ல் அறிவிப்பு வந்தது. ஒத்திப்போட்ட பக்கத்து ஊர்ப் பள்ளி அந்த ஆண்டு விழாவே நடத்தவில்லை.) நான்கு மணிக்குப் பிள்ளைகள் கிளம்பினார்கள். கிழக்குத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம். ஒரு பையன் தன் வீட்டு வாசலில் நின்று, "அம்மா, ஆண்டு விழாவுக்கு வாங்க" என்று ஒப்பித்தான். அவன் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வர்றோம் சார்" என்றார்.

வந்த சீர் என்ன? நான்கு கோரைப் பாய். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் டிரம். இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கிய ஒரு கேரம் போர்டு. கொத்தனார் வேலை பார்க்கிற ஒருவர், "எங்கிட்ட குடுக்க ஒண்ணுமில்ல, வாசப்படி உடைஞ்சு கெடக்குல்ல, அதப் பூசித் தாறேன்" என்று முந்தின ஞாயிற்றுக்கிழமையே பூசிவிட்டார். பூ பறிக்கிற வீடுகளிலிருந்து 47 சரம், பிள்ளைக்கு ஒன்று. பையன்கள் கையில் சுற்றிக்கொண்டார்கள். காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் மூன்று பேர் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 25-லிருந்து அந்தத் திட்டம் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்துவிட்டதல்லவா, பள்ளி அடுப்படி அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. பீரோவுக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் வாசல்படியில் ஏறும்போதெல்லாம் அந்தக் கொத்தனாரின் மகள் குனிந்து ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். மூன்று முறை பார்த்துவிட்டேன்.

படிப்பு ஆரம்பித்தது. முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று "அணில், ஆடு, இலை" என்று மூன்று சொல் படித்துவிட்டு ஓடியது, கைதட்டல். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டான். மைக் முன்னால் நின்று எழுத்தெழுத்தாக முட்டினான். கூட்டத்தில் யாரோ சொல்லிக் கொடுக்கப் போக, அவன் அப்பா, "சும்மா இருங்கப்பா, அவனே சொல்லுவான்" என்றார். சொன்னான். சொல் "ஒத்துழைப்பு". அந்த அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்புறம் அந்தப் பேத்தி வந்து ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். அப்பத்தா முதல் வரிசையில் உட்கார்ந்து, கைதட்ட மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவர் இந்த முறை மேடையில் நடு நாற்காலியில் இருந்தார். நான்கு வரி எழுதி வைத்துப் படித்தார், இரண்டு வரி முடிந்ததும் காகிதத்தை மடித்துவிட்டு, "புள்ளைகளே நல்லாப் படிச்சிருச்சுக, நான் என்ன படிக்கிறது" என்று உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டதிலேயே சுருக்கமான தலைமையுரை.

வருகைப் பரிசில் பட்ட அடி

எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். அதே விழாவில்தான் பள்ளி ஒரு பிழையும் செய்தது. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மூன்று பிள்ளைகளுக்கு வருகைப் பரிசு கொடுத்தார்கள். ரேங்கை எடுத்துவிட்டோம், வருகையைப் பாராட்டினால் யார் மனமும் புண்படாது என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஒரு தாய் வந்தார். அவர் மகன் நான்காம் வகுப்பு. "எம் மகன் எத்தனை நாளு வரல, காட்டுங்க டீச்சர்" என்றார். பதிவேட்டில் 19 நாள். "இதுல பாதி நாளு அவன் இங்கதான் மத்தியானம் சாப்புட்டான். லேட்டா வந்தா வரலன்னு போட்டுருவீகளா?" உண்மைதான். காலையில் செயலியில் வருகை போட்டு முடித்த பிறகு வருகிற பிள்ளைக்கு விடுப்பு விடுப்பாகவே நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் அந்த 19 தேதிகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரோடு ஒப்பிட்டார். 14 தேதி முகூர்த்த நாளோ அதற்கு முந்தின நாளோ. முகூர்த்தம் என்றால் பூ விலை ஏறும். விலை ஏறினால் தோட்டத்தில் கடைசி மொட்டு வரைக்கும் பறிப்பார்கள். பறிக்கப் பையனும் போவான். அவன் வராத நாட்களைத் தீர்மானித்தது மல்லிகை விலை.

என்னைக் கேட்டால், மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி தன் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொண்டதிலேயே இதுதான் பெரிய விஷயம். அது ஒரு பரிசின் மேல் வந்த கோபத்தால் தெரியவந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் வருகைப் பரிசை நிறுத்தினார்கள். முகூர்த்த நாட்களில் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்புவதில்லை என்று பெற்றோர் பேசி வைத்துக்கொண்டார்கள். முழுசாக நடந்ததா? இல்லை. தாமதமாக வந்தாலும் சாப்பாடு எடுத்து வைப்பது, வருகையைத் திருத்துவது என்று பள்ளியும் கொஞ்சம் இறங்கி வந்தது. பையன் இப்போது ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போகிறான்.

2025: ஒரே ஒரு பெரியவர்

மூன்றாவது ஆண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024-ல் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. மேலத் தெருக்காரர் ஒருவர் அப்படி உள்ளே வந்தார், முந்தின ஆண்டு டிவிப் பேச்சில் முகம் சுளித்த வீட்டிலிருந்து. ஆண்டு விழாவுக்கு என்று அரசே இந்த முறை பணம் ஒதுக்கியது, 100 பிள்ளைகளுக்குள் இருக்கிற பள்ளிக்கு ரூ.2,500. பந்தலுக்கும் ரேடியோ செட்டுக்குமே அது போதாது, இருந்தாலும் கேட்காமல் வந்த பணம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்துகிற கலைப் போட்டியான கலைத் திருவிழாவை அந்தக் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளியிலிருந்து ஒரு பெண் வட்டார அளவில் கதை சொல்லிப் பரிசு வாங்கினாள். அவளுக்கு மட்டும் பிளெக்ஸ் வைக்கலாமா என்று குழுவில் ஒரு மணி நேரம் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதே கதையை மேடையில் மறுபடி சொன்னாள், அவ்வளவுதான்.

நோட்டீஸ் பிரச்சினையும் பாதி தானாகவே தீர்ந்துவிட்டது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் போய்விட்டதால், யார் பெயர் யாருக்கு மேலே என்ற சண்டைக்கு ஆளில்லை. மிச்சத்தைத் தலைமையாசிரியர் முடித்து வைத்தார். "தலைமை" என்று போட்டு மேலாண்மைக் குழுத் தலைவர் பெயர், கீழே 46 பிள்ளைகள். அச்சகத்துக்காரர் இரண்டு முறை போன் செய்து, சிறப்பு அழைப்பாளர் பெயர் விட்டுப்போச்சா என்று கேட்டாராம்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்காக: இந்த மூன்று ஆண்டுகளில் சேர்க்கை பெரிதாக ஏறவில்லை. 47 இருந்தது, 46 ஆனது. மஞ்சள் வேன் இன்றும் ஏழரைக்கு வருகிறது. ஒரே ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளையை இங்கே சேர்த்தார்கள். வேன் கட்டணம் ஏறியதால்தான் என்று அவர்களே சொன்னார்கள். மாறியது மாதக் கூட்டம். முன்பு கையெழுத்து வாங்க நோட்டை வீடு வீடாகத் தூக்கிப் போவார்கள், இப்போது ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள், சத்தமும் போடுகிறார்கள். சுற்றுச்சுவர் வேண்டும் என்று அவர்கள் போட்ட தீர்மானம் இன்னும் மேலே எங்கோ கிடக்கிறது.

பீரோ தலைமையாசிரியர் அறையில் நிற்கிறது. ஏழு பெயரும் அப்படியே. அதன் கதவில் காந்தம் வைத்துப் பிள்ளைகளின் ஓவியங்களை மாட்டுகிறார்கள். பெயர்களை மறைக்கத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இரும்பில்தானே காந்தம் ஒட்டும் என்கிறார் சக டீச்சர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டீசில் 46 பெயர் என்றேன். விழா அன்று பள்ளியில் இருந்தது 45 பேர். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், தை பிறந்ததும் அப்பா அம்மாவோடு திருப்பூர் போய்விட்டான், டிசியும் வாங்கியாகிவிட்டது. தலைமையாசிரியர் பட்டியலை ஜனவரித் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்ததால் பெயர் நின்றுவிட்டது. எடுக்க மறந்தீர்களா டீச்சர் என்று கேட்டால் சிரிக்கிறார். யாரோ நோட்டீசைப் படம் எடுத்து அவன் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

விழா அன்று மத்தியானம் கசங்கின சட்டையோடு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். முந்தின ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறியிருக்கிறார்கள். "31-ஆவதா எம் பேரு இருக்கு" என்றான். 30-ஆவது பிள்ளை படித்து இறங்கியதும் யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் மேடையேறிவிட்டான். திருப்பூர்ப் பள்ளியிலிருந்து கொண்டுவந்த தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம், நிறுத்தாமல் படித்தான்.

அந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் எவர்சில்வர் டம்ளர், அவரவர் பெயர் வெட்டி. பாத்திரக் கடைக்குப் போனதும் அதே ஜனவரிப் பட்டியல்தான். அவனுடைய டம்ளர் மேசையில் மற்றவற்றோடு இருந்தது. எடுத்துக் கவிழ்த்து, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தான். அப்புறம் டிரம்மில் தண்ணீர் பிடித்துக் குடித்தான்.